பழைய பாடப் பக்கத்தை நகலெடுக்கும் முன்

புதிய கல்வியாண்டு தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே மூடுல் (Moodle) போன்ற இணையவழிக் கற்றல் தளத்தில் பாடப் பக்கத்தைத் தயார் செய்துவிடுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சென்ற ஆண்டுப் பக்கத்தை நகலெடுப்பார்கள், நல்ல வழிதான். ஆனால் சிக்கல் பிறப்பதும் அங்கேதான்.

மூடுலில் 'ரீசெட்' செய்யும்போது, அதாவது பழைய மாணவர் தரவுகளை நீக்கிப் பாடத்தைப் புதிதாகத் தொடங்கும்போது, பாடத்தின் தொடக்கத் தேதியை மாற்றினால், ஒப்படைப்புகள், வினாடிவினாக்களின் கெடுத் தேதிகளும் அதே அளவு நகரும். விளக்கக் குறிப்புக்குள் நீங்களே தட்டச்சு செய்த தேதி மட்டும் அப்படியே நிற்கும். மாணவர் எதை நம்புவார்? ஆகவே தேதியை அமைப்புகளில் மட்டும் வையுங்கள், குறிப்பில் எழுதவே வேண்டாம். நகர்ந்த தேதி விடுமுறையில் விழுகிறதா என்றும் நாட்காட்டியோடு ஒப்பிடுங்கள்.

மதிப்பெண் ஏட்டில் கூடுதல் கவனம் தேவை. வெற்று மதிப்பெண்களை விலக்கும் அமைப்பு இயங்கினால், ஒப்படைக்காதவரின் மொத்தம் உயர்வாகவே தெரியும். ஓர் ஒப்படைப்பில் 10க்கு 9 வாங்கிவிட்டு மற்ற மூன்று ஒப்படைப்புகளையும் தராதவருக்கு 90 சதவீதம் காட்டும். பருவ இறுதியில் அந்த எண் சரியும்போது அவர் உடைந்துபோவார். கெடு முடிந்ததும் பூஜ்யத்தை இட்டுவிடுங்கள். தாமதமாக வந்தால் பிறகு மாற்றலாம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கான அனுமதியை ஒவ்வொரு ஒப்படைப்பிலும் தனித்தனியே எழுதுங்கள். "பொறுப்புடன் பயன்படுத்துக" என்பது யாருக்கும் உதவாது. மொழித் திருத்தத்துக்குச் சரி, வரைவு எழுதக் கூடாது என்பதுபோல் எல்லையைச் சொல்லுங்கள்.

கடைசியாக, மாணவர் பார்வைக்கு மாறி ஒவ்வொரு இணைப்பையும் சொடுக்கிப் பாருங்கள். உங்கள் கணக்கில் திறக்கும் கோப்பு அவர்களுக்கும் திறக்கும் என்று நினைக்காதீர்கள்.