மூன்றாம் ஆண்டில் மறித்து வைக்கச் சொல்லிக் கேட்டேன்

மகள் முதலாம் ஆண்டில் சேர்ந்தது 2020 ஜனவரியில். மார்ச் நடுப்பகுதியில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டிவிட்டார்கள். அரிச்சுவடியில் பாதியை அவள் வட்ஸ்அப்பில்தான் படித்தாள். மூன்றாம் ஆண்டுக்கு வந்த 2022இல் நாட்டில் பெட்ரோல் இல்லை. இடையில் மறுபடி பூட்டு, பிறகு கிழமைக்கு மூன்று நாள் வகுப்பு. பிள்ளை பின்தங்கித்தான் இருப்பாள் என்று நினைத்திருந்தேன். எவ்வளவு பின்தங்கியிருக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

தெரியாமல் போனதற்கு அவளுடைய ஞாபகசக்திதான் காரணம். தமிழ்ப் புத்தகத்தில் விரலை வைத்து ஒரு பாடத்தை முழுக்கச் சொல்லுவாள், பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் சரியாகத் திருப்புவாள். மாமி அதைப் பார்த்துப் பூரித்துப்போவார். 2023 ஜனவரியில், மூன்றாம் ஆண்டு பிந்தி இன்னும் முடியாமல் இருந்தபோது, ஒரு நாள் பின்னேரம் திருகோணமலை டச்சுபே கடற்கரையில் கச்சான் வாங்கினோம். கச்சான் சுற்றித் தந்த பழைய பத்திரிகைத் துண்டைக் காட்டி, "இதை வாசி பார்ப்போம்" என்றேன். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் எங்கேம்மா?" என்று கேட்டாள்.

அன்று இரவு நித்திரை இல்லை. அடுத்த கிழமையே அதிபருக்குக் கடிதம் எழுதினேன். பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது, நான்காம் ஆண்டுக்கு ஏற்ற வேண்டாம், இதே வகுப்பில் ஒரு வருடம் மறித்து வையுங்கள் என்று. எந்தத் தாயும் இப்படிக் கேட்பாளா என்று வீட்டுக்காரர் கோபப்பட்டார். மகளுடைய பெரியம்மாவின் மகன் ஒருவன் அவளுக்கு ஒரு வருடம் இளையவன், அதே பள்ளிக்கூடம். அவனோடு ஒரே வாங்கில் இவளை இருத்தப் போகிறாயா என்றார். அதையும் யோசித்துவிட்டுத்தான் எழுதினேன்.

அதிபர் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்தார். "ஆரம்பப் பிரிவில புள்ளி பார்த்து வகுப்பேற்றுறதில்லை அம்மா. வயசோட எல்லாரும் ஏறுவினம்." இலங்கையில் இது புதிதில்லை. 1999 சீர்திருத்தத்தோடு ஆரம்பக் கல்வியை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள்: முதலாம், இரண்டாம் ஆண்டு ஒன்று, மூன்றாம், நான்காம் ஆண்டு ஒன்று, ஐந்தாம் ஆண்டு தனி. ஒவ்வொரு நிலையும் முடியும்போது பிள்ளைக்கு வந்திருக்க வேண்டிய அத்தியாவசியத் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வராத பிள்ளைக்குப் பரிகாரக் கற்பித்தல், அதாவது விடுபட்டதைத் தனியாக மறுபடி படிப்பிப்பது, செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம். 38 பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு டீச்சர் அதை எந்த நேரத்தில் செய்வார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மறித்து வைக்கும் யோசனை எனக்கு வந்தது புளோரிடாவில் இருக்கும் மச்சாள் சொல்லித்தான். அங்கே 2002இல் கொண்டுவந்த சட்டப்படி மூன்றாம் வகுப்பு வாசிப்புப் பரீட்சையில் தேறாத பிள்ளையை, சில விதிவிலக்குகள் தவிர, மறித்துவிடுவார்கள். மிசிசிப்பி மாநிலமும் 2013இல் அப்படி ஒரு சட்டம் போட்டது. பிறகு விசாரித்தபோதுதான் மற்றப் பாதியை மச்சாள் சொன்னார். புளோரிடாவில் மறித்த பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் வாசிப்பு முகாம், நாளுக்கு 90 நிமிடம் இடைவிடாத வாசிப்புப் பாடம் எல்லாம் உண்டு. அப்படியிருந்தும், முதல் சில வருடங்களில் தெரிந்த முன்னேற்றம் பெரிய வகுப்புக்குப் போகும்போது கரைந்துவிட்டதாக அங்கே ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள்.

என் வாயை அடைத்தது வகுப்பு டீச்சர். வாசலில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கள் மறிச்சாலும் அடுத்த வருசம் நான் இதே புத்தகத்தை இதே மாதிரித்தானே படிப்பிக்கப்போறன். அவளுக்கு அது பாடமாத் தெரியும். எங்கே பிடிபடேல்லை எண்டு முதல்ல பாருங்கோ."

சரி, பார்ப்போம் என்று இறங்கினேன். முதலில் கண், காது. ஆஸ்பத்திரியில் இரண்டு கிளினிக், இரண்டு அரைநாள் லீவு. கண் சரி. காதில் குறும்பி கிடந்தது, எடுத்த பிறகு அதுவும் சரி. அப்புறம் பள்ளிக்கூடக் கடிதத்தோடு விசேட கல்வி ஆசிரிய ஆலோசகரைப் பார்க்க வேண்டும். முதல் தடவை பிறப்புச் சான்றிதழ் கொப்பி கொண்டுபோகவில்லை, திரும்பி வந்தேன். இரண்டாம் தடவை அவர் வெளிக்களம். மூன்றாம் தடவை மகளையும் கூட்டிப்போய், அவளுடைய எழுத்துக் கொப்பிகள், முதலாம் ஆண்டிலிருந்து வந்த முன்னேற்ற அறிக்கைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனேன். போகிறவர்கள் கொப்பிகளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். அறிக்கையில் இல்லாதது அதில் இருந்தது.

அவர் புத்தகமே எடுக்கவில்லை. வெள்ளைக் கடதாசியில் 'மொடு', 'பேகி' என்று அர்த்தமில்லாத சொற்களை எழுதி வாசிக்கச் சொன்னார். ஊகிக்க வழியில்லையே! 'பேகி' என்பதில் மகள் நின்றுவிட்டாள். இரட்டைக் கொம்பு முதலில் நிற்கிறது, ஆனால் வாயில் 'ப்' தானே முதலில் வர வேண்டும். கண் போகும் ஒழுங்கும் ஒலி வரும் ஒழுங்கும் அங்கே மாறிவிடுகின்றன. 'மொ'வை 'மெ' என்று வாசித்துவிட்டுப் பின்னால் இருந்த 'ா' என்ற அரவைத் தனி எழுத்தாக விட்டாள். 'மா', 'மி', 'மு' எல்லாம் தண்ணீர் போல வந்தன. "247 எழுத்தும் தெரியாத பிள்ளை இல்லை இது. கொம்பு வாற இடத்தில தடக்குப்படுறாள், அதை மறைக்க ஊகிக்கிறாள்" என்றார். மூன்று வருடமாக எனக்குத் தெரியாதது இருபது நிமிடத்தில் தெரிந்தது. டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். அதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், பெயருக்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்குவோம் என்றார்.

வேலை என்பது கிழமைக்கு மூன்று நாள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அவளோடு சேர்த்து நான்கு பிள்ளைகள். வகுப்பு டீச்சரே நடத்த ஒத்துக்கொண்டார். முதலில் எழுத்தே இல்லை. சொல்லைக் கை தட்டிப் பிரிப்பது, முதல் ஒலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்வது. பிறகு கொம்பு எழுத்துகள் மட்டும், ஒரு கிழமைக்கு ஒன்று. வீட்டில் தாம்பாளத்தில் அரிசி பரப்பி விரலால் எழுத வைக்கச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று வயதில் பத்திரகாளி அம்மன் கோவிலில் ஏடு தொடக்கும்போது இப்படித்தான் அரிசியில் 'அ' எழுதினாள். அரிசி விற்ற விலைக்கு அதே அரிசியை ஒரு மாதம் வைத்திருந்தோம்.

மார்ச்சில் எல்லாரோடும் நான்காம் ஆண்டுக்கு ஏறினாள். வகுப்புப் பாடம் விளங்காமல் அழுத நாள்கள் உண்டு. அந்த வருட மூன்றாம் தவணையில்தான் பார்த்திராத ஒரு பக்கத்தை மெதுவாக, ஊகிக்காமல் வாசித்தாள். 2024 செப்டெம்பரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதினாள். சித்திக்குரிய 70 புள்ளிக்கு ஒன்பது குறைவு. வீதியில் எல்லாரும் கேட்டார்கள், சொன்னோம், விட்டுவிட்டார்கள்.

இப்போது ஆறாம் ஆண்டு. வாசிக்கிறாள், ஆனால் வேகம் இல்லை. போன தவணை வரலாற்றில் பின்பக்கக் கேள்விகள் அப்படியே வெறுமையாக இருந்தன. கேட்டால் வாயால் சரியாகச் சொல்கிறாள். தவணைப் பரீட்சையில் அவளுக்கு அரை மணித்தியாலம் கூடுதலாகத் தரச் சொல்லி இன்னொரு கடிதம் கொடுத்திருக்கிறேன், ஆலோசகர் எழுதித் தந்த குறிப்பையும் இணைத்து. வியாழக்கிழமை வந்து சந்திக்கச் சொன்னார்கள். பையில் கொப்பிகளை எடுத்து வைத்தாயிற்று.