புதுவையிலிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாக

வேளாங்கண்ணி மாதா திருவிழாவின் ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் புதுவையை விட்டு 22-ஆம் தேதியாவது கிளம்பிவிட வேண்டும். ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆறேழு நாள் நடை. அதிகாலை 3 மணிக்கு அரியாங்குப்பம் மாதாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டால், வெயில் ஏறுமுன் தென்பெண்ணைப் பாலம் தாண்டிக் கடலூர். முதல் நாள் எல்லோரும் வீரர்கள்தான்.

கடலூர் முதுநகரை விட்டு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று போகும் இரண்டாம் நாளில்தான் கால் பேச ஆரம்பிக்கும். கொப்புளத்துக்குத் தூரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வியர்வையில் ஊறிய தோலை வார் உரசுவதுதான் வினை. நேர்ச்சைக்கென்றே புதுச் செருப்பு வாங்கியவர்தான் முதலில் நொண்டுவார். தோலைப் பிய்க்காதீர்கள். நெருப்பில் காட்டி ஆறவைத்த ஊசியால் ஓரத்தில் குத்தி, நீரை மட்டும் வடித்துக் கட்டுப் போடுங்கள். தொடை இடுக்குக்குத் தேங்காயெண்ணெய். வெறும் தண்ணீராகவே குடித்தால் உப்பு இறங்கித் தலை சுற்றும்; லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்துகொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. மரத்த பாதத்துக்குத் தார் சுடுவது தெரியாது. மாதா அதைக் கேட்கவும் இல்லை.

இருட்டில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி நடக்க வேண்டும். பல குழுக்கள் சப்பரத்தின் ஒலிபெருக்கியை அலறவிட்டு இடப்பக்கமே போகின்றன. பின்னால் வரும் லாரிச் சத்தம் எப்படிக் கேட்கும்? குளிக்க, கழிப்பறை போக வழியில் கேட்கும் காசைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது.

ஒரு செபமாலைக்கு இருபது நிமிடம், ஒன்றரைக் கிலோமீட்டர். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறையுண்மைகள் வரும்போது, மாலையின் ஒவ்வொரு பத்து மணிச் செபத்தையும் ஒருவருக்கு ஒப்புக்கொடுங்கள்: டயாலிசிஸில் கிடக்கும் அண்ணனுக்கு, கடனில் மூழ்கிய மச்சானுக்கு. கொப்புளம் நாமாகத் தேடிக்கொண்டது, நோய் தானாக வந்தது. இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. ஆனால் தேடிக்கொண்ட வலியைப் பிறருக்காகச் சுமந்து பழகியவருக்கு, தேடாமல் வரும் வலியையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரிந்துவிடும். தன் உடலில் தைத்த முள்ளை எடுத்துவிடும்படி திருத்தூதர் பவுல் ஆண்டவரிடம் மூன்று முறை கேட்டார். முள் போகவில்லை, “என் அருள் உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது.

மோர்ப் பந்தலில் உட்காரும்போதெல்லாம் வேளாங்கண்ணியின் நடுத்திட்டில் அந்நாளில் மோர் விற்ற, கால் ஊனமான அந்தப் பிள்ளையின் நினைவு வரும். மாதா மோர் கேட்டார், கொடுத்தான். நாகைக்குச் சேதி கொண்டு போகச் சொன்னார், கிளம்பினான். ஓடும்போதுதான் ஊனக் கால் நேரானதையே அறிந்தான் என்பார்கள்.

திருவிழாக் கூட்டத்தில் மாதா முன் நிற்கக் கிடைப்பது சில நொடிகள். ஏழு நாள் மனப்பாடம் செய்துகொண்டு வந்த விண்ணப்பங்கள் ஒன்றுகூட நாக்கில் வராது. நீலச் சேலையில், கையில் குழந்தையோடு அவள். “வந்துட்டேன் தாயே, நன்றி தாயே” என்பதற்குள் கண் நிறைந்துவிடும். பின்னாலிருந்து தொண்டர் தோளைத் தொட்டு “நகருங்க, நகருங்க” என்பார்.