பாலம் எதுல சுத்துது தம்பி?

போன பிப்ரவரில பாம்பன் பழைய ரயில் பாலத்த பிளெண்டர்ங்கிற 3D மாடல் சாஃப்ட்வேர்ல பண்ணி முடிச்சு, போட்டோ மாதிரி ஒரு ரெண்டர் எடுத்து நெட்ல போட்டேன். சாயங்கால வெயில், தண்ணில தகதகன்னு ரிஃப்ளெக்‌ஷன், நடுவுல படகு போக தொறக்குற பகுதி, ஷெர்சர் ஸ்பான்னு பேரு, ரெண்டு பக்கமும் தூக்கி நிக்குது, கீழ ஒரு மீன்புடி படகு. நாலு மாச வேலை, பொண்ணு தூங்குனதுக்கப்புறம் ராத்திரி பத்து மணிக்கு மேல உக்காந்து பண்ணது. போட்ட அன்னைக்கே சூப்பர் ப்ரோ, வேற லெவல், டுடோரியல் போடுங்க தலைவா, கூடவே நெருப்பு எமோஜி வரிசையா வந்து விழுந்துச்சு. சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு தடவ போன எடுத்து எடுத்து பாத்தேன். ஆனா ரெண்டு நாள் கழிச்சு எல்லாத்தையும் திரும்ப படிச்சா, அடுத்து நான் என்ன மாத்தணும்னு ஒரு வரி கூட அதுல இல்ல.

அப்புறம் ஆபீஸ்ல மத்தியானம் சாப்புடும்போது எங்க டிராயிங் செக் பண்ற அண்ணன்கிட்ட போன நீட்டுனேன். அவரு கையால படம் வரைஞ்ச டிராஃப்டிங் போர்டு, மினி டிராஃப்டர் காலத்து ஆளு, பிளெண்டர்னா என்னன்னே தெரியாது. நான் செஞ்ச அனிமேஷன ஓட்டிக் காமிச்சேன், பாலம் மெதுவா தூக்குது. தயிர்சாதத்த பெசஞ்சுகிட்டே பாத்தாரு, "நல்லாருக்கு தம்பி"ன்னாரு, ஒரு வாய் சாப்புட்டாரு, அப்புறம் கேட்டாரு. "இது எதுல சுத்துது?"

கீல்லண்ணா, பின்னாடி ஒரு பின் இருக்கு, அதுல தான்னு சொன்னேன். அந்த பின் எங்கன்னு கேட்டாரு. ஜூம் பண்ணி காமிச்சேன், அப்ப எனக்கே தெரிஞ்சுது, அங்க பின்னே இல்ல. சாஃப்ட்வேர்ல எந்த புள்ளிய வச்சு சுத்தணும்ங்கிற ஒரிஜின் பாயிண்ட அந்த மூலைல வச்சு ரொடேட் பண்ணி, எந்த நேரத்துல எந்த நிலைல இருக்கணும்னு கீஃப்ரேம் போட்டிருக்கேன், அவ்ளோதான். நாலு மாசம் ஒரு பாலத்த மாடல் பண்ணியிருக்கேன், அது எப்படி தொறக்குதுன்னு ஒரு நாள் கூட யோசிக்கல.

வீட்டுக்கு வந்து ரெஃபரன்ஸ் போட்டோ எல்லாத்தையும் மறுபடி எடுத்து பாத்தா பதில் கண்ணு முன்னாடியே இருந்திருக்கு. ஷெர்சர் ஸ்பான்ல கீலே கெடையாது. அமெரிக்கால வில்லியம் ஷெர்சர்னு ஒரு இன்ஜினியர் கண்டுபுடிச்ச டிசைன், 1890கள்ல சிகாகோல வந்தது, பாம்பன்ல 1914ல தொறந்தாங்க. பாலத்தோட பின் நுனி ஆடுற நாற்காலியோட கால் மாதிரி வளைஞ்சு இருக்கும், அது தட்டையான ஒரு ட்ராக் மேல உருண்டு பின்னாடி போகும், போகப் போக முன்னாடி பக்கம் மேல தூக்கும். அதாவது சுத்துறது மட்டும் இல்ல, சுத்திகிட்டே பின்வாங்குது. பின்வாங்குறதால படகு போற வழி இன்னும் கொஞ்சம் அகலமாகுது, அதுதான் அந்த டிசைனோட அழகே. நான் பண்ணது வெறும் கதவு.

சரி திருத்துவோம்னு உக்காந்தேன். உருளுறதுன்னா கணக்கு சிம்பிள், எவ்ளோ கோணம் திரும்புதோ அத ஆரத்தால பெருக்குனா எவ்ளோ தூரம் நகரணும்னு வந்துரும். என் மாடல்ல நான் குத்துமதிப்பா வச்ச ஆரம் 5 மீட்டர், தூக்குறது 80 டிகிரி. 5 இன்டு 80, 400ன்னு கால்குலேட்டர்ல தட்டி கீஃப்ரேம் போட்டு ப்ளே பண்ணா, பாலம் பாதி தூக்கும்போதே கெளம்பி மண்டபம் ஊரு பக்கம் ஓடிருச்சு. கோணத்த டிகிரில இல்லாம ரேடியன்ல போடணும்ங்கிறது எனக்கு, அதுவும் மெக்கானிக்கல் படிச்சவனுக்கு, பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஒறைச்சுது. 80 டிகிரின்னா 1.4 ரேடியன், ஏழு மீட்டர் தான் நகரணும். அப்புறம் கீஃப்ரேமே வேணாம்னு சுத்துற அளவுக்கேத்த மாதிரி தானா நகர்ற ஒரு டிரைவர் போட்டு ரொடேஷனோட கட்டிவிட்டேன். அன்னைக்கு ராத்திரி அது சரியா உருண்டு தூக்குனப்ப வந்த சந்தோஷம் அந்த நெருப்பு எமோஜில வரல.

இதுல எனக்கு உறுத்துனது என்னன்னா, ஆபீஸ்ல நான் இப்படி தப்பிக்கவே முடியாது. பம்ப் கம்பெனில டிசைன், சாலிட்வொர்க்ஸ்ல கேஸிங், இம்பெல்லர் வரையுறது தான் பொழப்பு. அங்க ரிவ்யூன்னு உக்காந்தா யாரும் சூப்பர்னு சொல்ல மாட்டாங்க, இரும்பு வார்க்குற ஃபவுண்ட்ரில இருந்து வர்றவரு மொதல் கேள்வியே, மண்ணுல அச்சு பதிக்கிற இந்த பேட்டர்ன மண்ணுல இருந்து எப்படி எடுப்பீங்கன்னு தான் கேப்பாரு. பேட்டர்ன் கழண்டு வர லேசா சரிவு, அதான் டிராஃப்ட் ஆங்கிள், விட்டிருக்கியா, உள்ள ஓட்டை விழ வைக்கிற கோர் எதுல உக்காரும், வார்ப்பு ஆறுனா மீட்டருக்கு சுமாரா ஒரு சென்டிமீட்டர் சுருங்குமே அத யாரு கணக்குல சேர்ப்பா, உள் மூலைல ரேடியஸ் இல்லாம வச்சிருக்கியே வெடிச்சா யாரு பொறுப்பு. மொத வருஷம் அழுக வரும். ஆனா எல்லா கேள்வியும் அந்த சாமான் செய்யப்படணும், ஓடணும்ங்கிறதுல இருந்து வரும், எனக்கு புடிச்சிருக்கு புடிக்கலங்கிற பேச்சே இல்ல. ஹாபில அந்த ஆளு இல்ல. இன்னொரு கூத்து, ஆபீஸ்ல பண்ற நல்ல வேலைய வெளிய காமிக்கவும் முடியாது, ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கோம். ஒன்பது வருஷ வேலைல என் போர்ட்ஃபோலியோன்னு காட்ட இருக்கிறது ஒரு பாலம், ஒரு வெட் கிரைண்டர், ஒரு டோனட். டோனட் பிளெண்டர் கத்துக்குற எல்லாரும் பண்ணது தான், விடுங்க.

அதுக்கப்புறம் போடுற விதத்த மாத்துனேன். அழகா லைட் வச்சு ரெண்டர் போட்டா கல்யாண போட்டோ பாத்த மாதிரி நல்லாருக்குன்னு சொல்லிட்டு போயிருவாங்க, அதுல அவங்க தப்பு ஒண்ணும் இல்ல, முடிஞ்ச வேலைய காமிச்சா வாழ்த்து தானே சொல்லுவாங்க. அதனால பாதி வேலைல, டெக்ஸ்சர் ஒண்ணும் இல்லாம சாம்பல் கலர் கிளே ரெண்டர், பக்கத்துல மாடல் வெறும் கோடுகளா தெரியுற வயர்ஃப்ரேம், நான் பாத்து செஞ்ச ரெஃபரன்ஸ் போட்டோ, இது மூணையும் சேத்து வச்சு ஒரே ஒரு கேள்வி கேப்பேன். "ஃபீட்பேக் சொல்லுங்க"ன்னு கேட்டா வராது. "இந்த ட்ரஸ் மெம்பர் கனம் போட்டோவோட ஒத்துப்போகுதா"ன்னு, பாலத்து சட்டத்துல ஒரு இரும்ப காட்டி கேட்டா வரும். லைக் பாதிக்கு மேல கொறஞ்சிருச்சு, அது உண்மை, கொஞ்சம் வலிக்கவும் செஞ்சுது.

வந்த பதில்கள்ல ஒண்ணு ரிவெட் பத்தி. 1914 பாலம்னா வெல்டிங் கெடையாது, எல்லாம் தகட்டோட தகடு சேத்து அடிக்கிற ரிவெட் ஆணி, அதனால ஒவ்வொரு ரிவெட்டையும் 32 பக்கம் உள்ள சிலிண்டரா வச்சு, தலைய உருண்டையாக்கி, ஒண்ணொண்ணா டூப்ளிகேட் அடிச்சு பதினோராயிரம் வச்சிருந்தேன். ஃபைல் தொறக்கவே டீ குடிச்சுட்டு வரலாம். வயர்ஃப்ரேம பாத்த ஒருத்தர், கேமரா நிக்கிற தூரத்துக்கு உங்க ரிவெட் ரெண்டு பிக்சல் கூட வராது, கிட்ட இருக்கிறதுக்கு மட்டும் எட்டு பக்கத்துல ஒண்ணு செஞ்சு அதையே திரும்பத் திரும்ப காட்டுற இன்ஸ்டன்ஸ் போதும், தூரத்துல இருக்கிறதுக்கு மேடு இருக்கிற மாதிரி ஏமாத்துற நார்மல் மேப் படம் போடுங்க, அந்த நேரத்துல இரும்பு விளிம்பெல்லாம் கத்தி மாதிரி இருக்கே அத மழுக்க கொஞ்சம் பெவல் குடுங்கன்னு எழுதுனாரு. மூணு வாரம் ரிவெட்டுக்கு செலவு பண்ணவனுக்கு அது கடுப்பாத்தான் இருந்துச்சு. பெவல் குடுத்து ரெண்டர் போட்டேன், ஓரத்துல எல்லாம் மெல்லிசா வெளிச்சம் புடிச்சு, அப்பத்தான் அது இரும்பு மாதிரியே தெரிஞ்சுது.

இன்னொருத்தர் கேட்டது ரெண்டே வார்த்தை. "எந்த வருஷம்?" நான் ஒரு ஸ்டீம் இன்ஜின மேல ஓட விட்டிருந்தேன், 1960கள்னு மனசுல நெனப்பு. தண்டவாளம் மட்டும் ரெண்டுக்கும் நடுவுல 1676 மில்லிமீட்டர் இடைவெளி, பிராட் கேஜ். பாம்பன்ல பிராட் கேஜ் வந்ததே 2007ல, அதுக்கு முன்னாடி ஒரு மீட்டர் இடைவெளி உள்ள மீட்டர் கேஜ் தான். இன்ஜின் சக்கரமும் தண்டவாளமும் ஒட்டவே ஒட்டாது, நான் ஆங்கிள் வச்ச விதத்துல மறைஞ்சு கெடந்திருக்கு. அதோட விடல அவரு. பின்னாடி ஓரத்துல ரோட்டுப் பாலத்தோட கைப்பிடி தெரியுதே, அந்த பாலமே 1988ல தானே தொறந்தாங்கன்னாரு. அந்த பேக்ரவுண்ட் போட்டோவ ராமேஸ்வரம் போனப்ப நானே ரோட்டுப் பாலத்து மேல நின்னு எடுத்தது. இல்லாத பாலத்து மேல நின்னு பாக்குற மாதிரி ஒரு சீன் பண்ணியிருக்கேன். ரெண்டு நாள் யோசிச்சு இன்ஜின தூக்கிட்டு, வருஷத்த 2010க்கு கொண்டு வந்து, ஒரு டீசல் இன்ஜின் வச்சேன். தண்டவாளத்த மாத்த சோம்பேறித்தனம், ஒத்துக்குறேன்.

நான் மட்டும் யோக்கியமான்னா இல்ல. போன வருஷம் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி, அவன் பாட்டி வீட்டு அடுக்களைய மாடல் பண்ணி போட்டிருந்தான். அம்மிக்கல், விறகடுப்பு, புகை புடிச்ச சுவரு. எனக்கு கண்ண மூடிட்டு பதினாலு பாயிண்ட் எழுதத் தோணுச்சு, எழுதுனேன். ஸ்கேல் அப்ளை பண்ணல, என்-கான் இருக்கு, நார்மல் திரும்பியிருக்கு, அம்மிக்கல்லுல டெக்ஸ்சர் இழுத்துருக்குன்னு, எல்லாம் மாடல் கட்டுன விதத்துல உள்ள டெக்னிக்கல் குறை. எல்லாமே சரியான பாயிண்ட் தான், இப்பவும் ஒண்ணக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா அவன் கேட்டது அது இல்ல. அவன் எழுதியிருந்தான், ஜன்னல்ல இருந்து வர்ற வெளிச்சம் காலைல மாதிரி இருக்கா மத்தியானம் மாதிரி இருக்கான்னு. அத நான் படிக்கவே இல்ல. மறுநாள் போஸ்ட்ட காணோம். ஆறு மாசம் ஆச்சு, புதுசா எதுவும் அவன் போடல. ஒரு தடவ மெசேஜ் போட்டேன், "மத்தியானம் மாதிரி இருந்துச்சு தம்பி, நிழல் ரொம்ப குட்டையா இருந்துச்சு, சூரியன கொஞ்சம் கீழ எறக்கு"ன்னு. பாத்துட்டான், பதில் இல்ல.

இப்ப ராமேஸ்வரம் போனா புதுப் பாலத்துல தான் ரயிலு ஓடுது, 2025 ஏப்ரல்ல தொறந்தது. அது நடுவுல 72.5 மீட்டர் ஸ்பான லிஃப்ட் மாதிரி அப்படியே நேரா மேல தூக்கும், உருளுற வேலையெல்லாம் இல்ல. மாடல் பண்ண ரொம்ப ஈஸி, மேல கீழ போற இசட் ஆக்ஸிஸ்ல ஒரு கீஃப்ரேம், முடிஞ்சுது. அதனாலயே எனக்கு அதுல ஆசை வரல.

திருத்துன அனிமேஷன போன வாரம் அண்ணன்கிட்ட மறுபடி காமிச்சேன். இந்த தடவ தயிர்சாதத்த ஓரமா வச்சுட்டு ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்தாரு. "ம், உருளுது"ன்னாரு. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு, போன வாங்கப் போனேன், குடுக்கல. "கடல் காத்து, உப்புத் தண்ணி, இரும்பு மேல இரும்பு. வழுக்காதா தம்பி?"

போட்டோவ பெருசு பண்ணி பாத்தா கீழ ட்ராக்குல வரிசையா மேடு இருக்கு, வளைஞ்ச பக்கத்துல அதுக்கேத்த குழி இருக்கு, உருளும்போது பல்சக்கரம் மாதிரி ஒண்ணுல ஒண்ணு உக்காருது. அத தான் இப்ப பண்ணிகிட்டு இருக்கேன். மொத மூணு பல்லு சரியா உக்காருது, நாலாவதுல இருந்து குழிய விட்டு விலகி விலகி போகுது, இடைவெளிய வளைவு மேல அளக்கணுமா நேர்கோட்டுல அளந்துட்டேனான்னு ஒரு சந்தேகம். கிளே ரெண்டரும் வயர்ஃப்ரேமும் நாளைக்கு போடுறேன், பாத்துட்டு சொல்லுங்க.