கோட்டுக்கு வெளியே இருந்த நிலம்

"அப்ப அந்த இடம் கோட்டுக்கு வெளியேதானே இருக்கு?" என்று மகன் கேட்டார். "ஆமாம், வெளியேதான்" என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மேசைமேல் விரித்திருந்த வரைவு வெள்ள வரைபடத்தில், வெள்ளம் வரும் பகுதியைக் காட்டும் நீல நிறம் ஆற்றோரமாகவே வந்து, அவர்கள் நிலத்துக்குக் கால் மைல் கீழே நின்றுவிட்டது. மகன் பக்கத்தில் நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தபடி நின்றார். அந்த ஓடை வரைபடத்தில் இல்லை.

அமெரிக்காவில் வட கரோலினாவின் மேற்கு மலைகளில் ஒரு கவுன்ட்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி. பெயர் வேண்டாம். ஹெலீன் புயலுக்குச் சில வருடங்கள் முன்பு அங்கே புதிய வெள்ள வரைபடங்களை மக்களுக்குக் காட்டி, அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை எனக்கு. பெரும்பாலோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: என் வீடு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் கடன் கொடுத்த வங்கி வெள்ள இன்ஷூரன்ஸ் கேட்கும், கட்டடத்தின் தரைமட்டத்துக்கு விதிகள் வரும். வெளியே என்றால் நிம்மதியாகப் போய்விடுவார்கள். எந்த ஒரு வருடத்திலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எதுவரை வரும் என்பதைத்தான் அந்தக் கோடு சொல்கிறது என்றும், 30 வருட வீட்டுக் கடன் முடிவதற்குள் அப்படி ஒன்று வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு உண்டு என்றும் சொல்வேன். தலையாட்டுவார்கள். பிறகு மறுபடியும் கேட்பார்கள்: உள்ளேயா, வெளியேயா?

அந்த அம்மா அப்படிக் கேட்கவில்லை. முதலில் 1916-ஐப் பற்றிச் சொன்னார். அவர் தாத்தா சொல்லிக் கேட்டது. "முதல் மழை எங்களை ஒண்ணும் பண்ணலை. ஒரு வாரம் கழிச்சு வந்தது பாருங்க, அதுதான்." சரித்திரமும் அப்படியே சொல்கிறது. அந்த ஜூலையில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வந்த புயல் மலையை ஊறவைத்துவிட்டுப் போனது. மண் காய்வதற்குள் அட்லாண்டிக் கரையில் சார்ல்ஸ்டன் பக்கமாக இன்னொன்று ஏறி வந்தது. இந்த மலையிலுள்ள ஆல்டாபாஸில் 24 மணி நேரத்தில் 22.22 அங்குலம், அதாவது 564 மி.மீ. 1940 ஆகஸ்டிலும் ஒரே மாதத்தில் இரண்டு வெள்ளம். 2004 செப்டம்பரில் ஃபிரான்சிஸ் புயல், பத்து நாள் கூட ஆகவில்லை, ஐவன் புயல். இந்த மலைகளில் ஆளை அடிப்பது பெரும்பாலும் இரண்டாவது மழைதான். இதை நான் அறிக்கைகளில் படித்திருந்தேன். அவர் வீட்டிலேயே கேட்டு வளர்ந்திருந்தார்.

பிறகு, மகன் வீடு கட்ட நினைக்கும் சமதளத்தில் முன்பு கிணறு தோண்டியபோது முழுக்கப் பாறாங்கல்லாக வந்தது என்றார். பெரிதும் சிறிதும் கலந்து, மண்ணோடு மண்ணாக.

இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மலையில் சமதளம் சும்மா கிடைப்பதில்லை. இடுக்கிலிருந்து ஓடை இறங்கி விரியும் வாயில் அப்படி ஒரு தளம் இருந்தால், பழைய வெள்ளங்களும் மண்சரிவுகளும் கொண்டுவந்து கொட்டியதுதான் அது. பள்ளிப் புத்தகத்தில் வண்டல் விசிறி என்று படித்திருப்போம். அந்த அம்மா கல்லைப் பற்றிச் சொன்ன உடனே எனக்கு அது தோன்றியது. தோன்றியது என்றுதான் இன்று நினைக்கிறேன். பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்ட பிறகு மனம் இதைச் சேர்த்துக்கொண்டதா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நான் சொன்ன பதில் விதிப்படியானது. பொதுவாக ஒரு சதுர மைலுக்குக் குறைவான நீர்ப்பிடிப்பு உள்ள ஓடைகள் எங்கள் ஆய்வுக்குள் வருவதில்லை. அவர்கள் ஓடையில் நீரளவு நிலையமும் இல்லை. வெள்ள மட்டத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு, ஆனால் அளவீடோ கணக்கோ வேண்டும், தாத்தா சொன்னது போதாது. இதை மரியாதையாகத்தான் சொன்னேன். கருத்துப் படிவத்தைக் கொடுத்தேன், அவர் எழுதியும் தந்தார். அதன் பிறகுதான் மகன் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அந்த அம்மா வந்தது வரைபடத்தைத் திருத்த அல்ல. தான் சொல்லிக் கேட்காத மகன் அதிகாரி சொன்னால் கேட்பான் என்று அழைத்து வந்திருக்கிறார். இதை நான் அங்கேயே புரிந்துகொண்டிருக்க வேண்டுமா? வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் வாக்குவாதத்தில் பக்கம் சேர்வது என் வேலையும் அல்ல.

2024 செப்டம்பர் 27, ஹெலீன் வந்த நாள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் பெய்த மழையில் மலை ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. மறுபடியும் அதே கதை. யான்சி கவுன்ட்டியில் பியூசிக்கில் மூன்று நாளில் 30 அங்குலத்துக்கு மேல். ஆஷ்வில்லில் ஃபிரெஞ்ச் பிராட் ஆறு 24.67 அடிக்கு ஏறி, 1916-இன் 23.1 அடியைத் தாண்டியது. அப்பலாச்சிய மலைகளில் 2,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது.

விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வெளியானதும் வேலைக்காகப் பார்க்க வேண்டிய இடங்களை விட்டுவிட்டு அந்த ஓடையைத் தேடினேன். மேட்டில் பழைய வீடு நிற்கிறது. சமதளத்தில் பாறாங்கல். ஒரு கூரையின் மூலை மட்டும் கீழே, சாலை இருந்த இடத்துக்கு அப்பால். இறந்தவர்கள் பட்டியலில் அந்தக் குடும்பப் பெயர் இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அப்போது பல மலைக் கவுன்ட்டிகளில் நூறு வீட்டுக்கு ஒன்றில்கூட வெள்ள இன்ஷூரன்ஸ் இருக்கவில்லை. அரசுத் திட்டத்தின் பாலிசி மண்சரிவுச் சேதத்துக்குப் பணம் தருவதும் இல்லை. அங்கே ஒருவேளை எடுத்திருந்தாலும், வந்தது வெள்ளமா சரிவா என்று வாதாடியிருப்பார்கள்.

மண்சரிவு அபாயத்துக்கென்று தனி வரைபடம் வேண்டும் என்று மாநிலம் 2005-இலேயே 19 மலைக் கவுன்ட்டிகளுக்குத் திட்டம் போட்டது. சில கவுன்ட்டிகள் முடிந்த நிலையில் 2011-இல் நிதி நிறுத்தப்பட்டது. 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது. எனவே இதை என் ஒரு பதிலில் கொண்டுபோய் வைப்பது சரியல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது எடுபடுகிறது.

என்னோடு வேலை செய்யும் மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "நீ உன் அபிப்பிராயத்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், நாளைக்கு இன்னொருத்தன் உள்ளே இருக்கும் வீட்டைப் பார்த்து, இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவான். கோடு இருப்பதே அதற்காகத்தான்" என்றார். என்னால் இதை மறுக்க முடியவில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் இப்போதெல்லாம் "வெளியே" என்பதோடு நிறுத்த முடிவதில்லை. ஓடை எந்தப் பக்கம், தோண்டினால் என்ன வருகிறது, 1916-ஐயும் 1940-ஐயும் பற்றி வீட்டில் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கிறேன். சமீபத்தில் ஓர் இளம் தம்பதி இதையெல்லாம் கேட்டுவிட்டு, பேசி முடித்திருந்த நிலத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அங்கே இன்னும் நூறு வருடம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். நிலத்தை விற்க இருந்தவர் வயதானவர், மருத்துவச் செலவுக்காக விற்கிறார். அவர் எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்: உங்கள் வரைபடமே என் நிலம் வெளியே என்கிறது, எந்த அதிகாரத்தில் வேறு மாதிரி சொன்னீர்கள்? அவருக்கு இரண்டு பதில்கள் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அனுப்பவில்லை.