ஹாங்க் பாட்டர் மேப்ல போட்ட கோட்டை நானும் போட்டு பாக்குறேன் – மூணாவது வாரம்

மூணு வாரமா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் எனக்கு இதுதான் வேலை. 1942 ஏப்ரல் 18ல டூலிட்டில் தலைமையில ஹார்னெட்ங்கிற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்லேர்ந்து 16 பி-25 குண்டுவீச்சு விமானம் கிளம்பிப் போய் ஜப்பான்ல குண்டு போட்டுச்சே, அதுல முதல் விமானத்தோட நேவிகேட்டர் ஹென்றி பாட்டர், கூட இருந்தவங்களுக்கு ஹாங்க். தெற்கு டகோட்டாவுல பியர்ங்கிற ஊர்க்காரர், அன்னைக்கு வயசு 23. பைலட் பேரு எல்லாருக்கும் தெரியுது, பின்னாடி உக்காந்து பென்சில் வச்சு வழி சொன்ன ஆள யாரும் பேசறதில்ல, அது எனக்கு ரொம்ப நாளா உறுத்திட்டே இருந்துச்சு. அதான் அவர் செஞ்ச கணக்கு மாதிரியே டெட் ரெக்கனிங் (வேகம், திசை, நேரம் வச்சு எங்க இருக்கோம்னு கணக்கு போடறது) பேப்பர்ல போட்டு பாப்போம்னு ஆரம்பிச்சேன்.

மொத வாரம் முழுக்க தப்பு. மேப்ப பிரிண்ட் போட்டு டிவைடர கீழ இருக்கற தீர்க்கரேகை ஸ்கேல்ல வச்சு அளந்துட்டேன், கப்பல்லேர்ந்து டோக்கியோ 800 மைலுக்கு மேல காட்டுச்சு. ஓரத்துல இருக்கற அட்சரேகை ஸ்கேல்லதான் அளக்கணும், அங்கதான் ஒரு நிமிஷம்னா ஒரு கடல் மைல். திரும்ப அளந்தா 650 சொச்சம், சரியா வந்துருச்சு. அவங்களும் சுமார் 650 கடல் மைல் தள்ளியிருந்தே கிளம்பினாங்க, ஜப்பான் காவல் படகு ஒண்ணு பாத்துட்டதால நெனச்சதுக்கு பத்து மணி நேரம் முன்னாடியே கிளம்ப வேண்டியதாப் போச்சு.

ரெண்டாவது வாரம் காத்து. அட்டைய வட்டமா வெட்டி காத்து முக்கோணம் (காத்து விமானத்த எவ்வளவு தள்ளும்னு பாக்கற படம்) போடற கால்குலேட்டர் ஒண்ணு செஞ்சேன். விமான வேகம் 130 நாட் (ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல்), காத்து 20 நாட்னு நானா வச்சுக்கிட்டேன். அந்தக் காத்து குறுக்க அடிச்சா விமானத்து மூக்க கிட்டத்தட்ட 9 டிகிரி திருப்பி வைக்கணும், வைக்கலன்னா அஞ்சு மணி நேரத்துல 100 மைல் தள்ளிப் போயிடுவோம். அதே காத்து நேர் எதிர்ல வந்தா ஆறு மணி நேரம் ஆகுது. பென்சில் முனை மழுங்கினாலே ஒரு மைல் மாறுது, இதுல அவர் கடலை ஒட்டி தாழப் பறந்து குலுங்கற விமானத்துல உக்காந்து போட்டிருக்கார்.

இந்த வாரம் காம்பஸ், இதுலதான் அசந்துட்டேன். பல நாள் இரும்புக் கப்பல் மேல நின்னதுல விமானத்து காம்பஸ நம்ப முடியாத நெலம, அதனால கிளம்பினதும் ஒவ்வொரு விமானமும் கப்பல் மேல அதோட நீளவாக்குல ஒரு தடவ பறந்துது, கப்பல் எந்த டிகிரில போகுதுன்னு பெரிய எண்ணா கப்பல்ல எழுதி வச்சிருந்தாங்க, அத தன் காம்பஸோட ஒப்பிட்டுக்கணும். ஒரு டிகிரி பிசகினா 60 மைலுக்கு ஒரு மைல் விலகும், அப்ப 650 மைலுக்கு 11. நான் வேணும்னே 5 டிகிரி தப்பா வச்சு கோடு போட்டேன், 54 மைல் வடக்க போய் நின்னுச்சு. அவங்க நெசமாவே டோக்கியோவுக்கு வடக்க தள்ளித்தான் கரையப் பாத்தாங்க, பாத்ததும் தெற்க திரும்பிப் போய் வேலைய முடிச்சாங்க. அந்தக் கோட்டையே கொஞ்ச நேரம் பாத்துட்டு இருந்தேன்.

அஞ்சு கேலன் பெட்ரோல் கேன் பத்து இருந்துச்சு ஒவ்வொரு விமானத்துலயும், காலியானத உடனே கடல்ல போடல, வரிசையா மிதந்தா கப்பல காட்டிக் குடுத்துடும்னு சேத்து வச்சு மொத்தமா போட்டாங்க.

அடுத்து சீனக் கடல், குண்டு போட்டுட்டு சீனாவுல போய் எறங்கறதுதான் திட்டம். அங்க பெட்ரோல் சீனக் கரைக்கு 135 மைல் முன்னாடியே தீந்துடும்னு பாட்டர் கணக்கு சொல்லிட்டார். அப்புறம் காத்து திரும்பி பின்னாலேர்ந்து தள்ள, சுமார் 13 மணி நேரம் பறந்து, ராத்திரி மழையில சீனாவுல சூச்சோ (Quzhou) நகரத்துக்கு வடக்க பாராசூட்ல குதிச்சாங்க. அஞ்சு பேரும் பொழச்சாங்க, உதவின சீன கிராமத்து ஜனங்களத்தான் ஜப்பான் ராணுவம் வந்து கொன்னு குவிச்சுது, அத எழுதாம இந்தப் பதிவ எழுத எனக்கு மனசு வரல.

பாட்டர் ராணுவத்த விடல, விமானப்படையிலயே இருந்து 1970ல கர்னலா ரிட்டயர் ஆனார், 2002ல காலமானார்.

சீனக் கடலுக்கு புது ஷீட் ஒட்டியாச்சு. முதல்ல காத்து இல்லாம ஒரு கோடு, அது கரைக்கு முன்னாடியே நிக்குதான்னு பாக்கணும், அப்புறம் பின்காத்து சேத்து இன்னொரு கோடு.