ஒருவழியாக ஆர்ச் லினக்ஸும் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறது

விண்டோஸ், மேக், ஆர்ச் (லினக்ஸில் ஒரு வகை) கணினிகள் மூன்றும் இப்போது வீட்டுக்குள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன. ரௌட்டர்மேல் ஒட்டியிருந்த ஐபி (கணினிகளின் முகவரி எண்) பட்டியலைக் கிழித்துப் போட்டாயிற்று.

மேக்கில் ஒரு வேலையும் இல்லை, பான்ஜூர் (ஆப்பிளின் எம்டிஎன்எஸ், அதாவது தனி சர்வர் இல்லாமலே வீட்டுக்குள் பெயரை வைத்து ஐபி கண்டுபிடிக்கும் முறை) அதுபாட்டுக்கு ஓடுகிறது. விண்டோஸ் 10-க்குள்ளேயே எம்டிஎன்எஸ் இருக்கிறது. நெட்வொர்க்கை 'பப்ளிக்'கிலிருந்து 'பிரைவேட்' ஆக்கினேன், பேச ஆரம்பித்துவிட்டது. உயிரை வாங்கியது ஆர்ச்தான்.

கூத்தைக் கேளுங்கள். லினக்ஸில் எம்டிஎன்எஸ் வேலையைப் பார்க்கும் அவாஹி ஓடுகிறது. அதன் சோதனைக் கட்டளையான அவாஹி-ரிசால்வில் 'கூடம்.லோக்கல்' (கூடத்துக் கணினியின் பெயர்) என்று கேட்டால் உடனே ஐபி வருகிறது. அதே பெயருக்குப் பிங் (அந்தக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) அடித்தால், அப்படியொரு பெயரே தெரியாதாம்! நெட்வொர்க்கில் போவதையெல்லாம் காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தேன். பிங் அடிக்கும்போது எம்டிஎன்எஸ்ஸின் 5353 போர்ட்டில் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. யாரையும் விசாரிக்காமலே கையை விரிக்கிறது.

அவாஹி-ரிசால்வ் நேராக அவாஹியிடம் கேட்கும். பிங் அப்படியில்லை, ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம்) வழியாகப் போகும். அங்கே பெயரை யாரிடம் எந்த வரிசையில் கேட்பது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் 'ஹோஸ்ட்ஸ்' வரி வைத்ததுதான் சட்டம். ஆர்ச்சின் வரியில் 'ரிசால்வ்' (சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை) முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு நிபந்தனை. சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஓடிக்கொண்டிருக்கும்வரை அதன் பதிலே முடிவு, 'இல்லை' என்றாலும் முடிவுதான். எம்டிஎன்எஸ் வழியாகக் கேட்கச் சொல்லும் 'எம்டிஎன்எஸ்_மினிமல்' என்பதை வரியின் கடைசியில் சேர்த்தால் அதன் முறை வரவே வராது. ரிசால்வுக்கு முன்னால் போட்டேன், அடுத்த நொடி பிங் ஓடியது. ரிசால்வ்டுக்குள்ளும் ஒரு எம்டிஎன்எஸ் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு பேர் எதற்கு என்று அதை அணைத்துவிட்டேன். டெபியன் (இன்னொரு லினக்ஸ் வகை) காரர்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, அதற்கான பேக்கேஜ் போட்டாலே வரி தானாக வந்துவிடும். கொடுத்து வைத்தவர்கள்.

சோதித்துப் பார்க்க டிக், என்எஸ்லுக்அப் என்ற பெயர் தேடும் கட்டளைகளை நம்பாதீர்கள். இரண்டும் இந்தக் கோப்பை எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் ஓடும். அந்தக் கோப்பின்படியே தேடும் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளை சொல்வதுதான் உண்மை. பெயரையும் 15 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் பழைய பெயர் முறையான நெட்பயாஸ் அதற்கு மேல் தாங்காது.

சாம்பா ஷேர் (லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் பகிரும் ஃபோல்டர்) விண்டோஸின் 'நெட்வொர்க்' பக்கத்தில் இன்னும் தலைகாட்டவில்லை. விண்டோஸுக்கு 'நான் இங்கே இருக்கிறேன்' என்று அறிவிக்கும் டபிள்யூஎஸ்டிடி போட்டால் வரும், போட வேண்டும். மாடியில் இருக்கும் வைஃபை ரிப்பீட்டர் வேறு மல்டிகாஸ்ட்டை (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும் பாக்கெட்டுகள், எம்டிஎன்எஸ் ஓடுவதே இதில்தான்) விழுங்குகிறது. வாங்கும்போது பெட்டியில் எல்லாம் அமர்க்களமாகத்தான் போட்டிருந்தது. மல்டிகாஸ்ட்டை யாருக்கு அனுப்புவது என்று வடிகட்டும் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்கை அணைத்துப் பார்க்கலாம் என்றால், அந்த மெனுவே அதில் இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கணினி) ஏதாவது மலிவாகக் கிடைத்தால் டிஎன்எஸ்மாஸ்க் (வீட்டுக்கான சிறிய டிஎன்எஸ் சர்வர்) ஏற்றி மல்டிகாஸ்ட்டுக்கே முழுக்குப் போட்டுவிடுவேன். அப்போது பின்னொட்டு 'லோக்கல்' கிடையாது, அது எம்டிஎன்எஸ்ஸுக்கென்று 2013-லேயே ஒதுக்கியாயிற்று. வீட்டு நெட்வொர்க்குக்கென்று 2018-இல் ஒதுக்கிய 'ஹோம்.ஆர்ப்பா'தான். அடிக்கக் கொஞ்சம் நீளம், பரவாயில்லை.