8.8 அச்சுக்குள் ட்ரூடிராக்: பேட்டர்ன் விழுந்தது, ஷாஃப்ட் இன்னும் தரையில்

என் மஸ்டாங்கின் பின் அச்சில் (8.8 அங்குல கிரவுன் கியர் கொண்ட ஃபோர்டு அச்சு) டிஃபரன்ஷியலையும், அதாவது சுற்றைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகத்தையும், கியர்களையும் மாற்றிக்கொண்டிருக்கிறேன். பற்கள் சரியாகக் கடிக்கின்றனவா என்று பார்க்கத் தடவும் மஞ்சள் பேஸ்ட் ஒருவழியாகப் பல்லின் நடுவில் பதிந்துவிட்டது, இதைத்தான் பேட்டர்ன் என்பார்கள். மிதிக்கும்போது அழுந்தும் டிரைவ் பக்கமும் சரி, காலை எடுக்கும்போது அழுந்தும் கோஸ்ட் பக்கமும் சரி. இனி கொஞ்ச நாளைக்கு இதைப் பற்றிப் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2011 மஸ்டாங் ஜிடி, ஆறு கியர் மேனுவல். 412 குதிரைத்திறனோடு வந்த இன்ஜினுக்கு ஃபோர்டு கொடுத்த, தட்டுகளின் உராய்வால் இரண்டு பின் சக்கரங்களையும் சேர்த்து ஓட்டும் டிஃபரன்ஷியலான டிராக்‌ஷன்-லாக் போதுமானதாகத்தான் இருந்தது. சூப்பர்சார்ஜர் ஏறிய பிறகு அதன் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோய், இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரே ஒரு டயர் மட்டும் புகைய ஆரம்பித்தது. தட்டுகளை மாற்றினால் செலவு குறைவு. ஆனால் மறுபடியும் தேயப்போகிற சாமானுக்காக யார் இவ்வளவையும் பிரிப்பது? அதனால் ஈட்டன் கம்பெனியின் ட்ரூடிராக் டிஃபரன்ஷியல். தட்டே கிடையாது, எல்லாம் சாய்வுப்பல் கியர்கள். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பினால் இது கைவிட்டுவிடும் என்பது தெரிந்ததுதான், சாலையில் ஓட்டுகிறவனுக்கு அது பெரிய கவலை இல்லை. 2012 பாஸ் 302 லகுனா சேகாவில் ஃபோர்டே இதே ரகத்தைச் சேர்ந்த டார்சனைத்தான் போட்டது. பக்க அச்சுகளின் முனையில் ஏற்கெனவே 31 ஸ்ப்ளைன் (நீளவாட்டுப் பல்வரி) இருப்பதால் அவற்றைத் தொடவில்லை. கூடவே 3.31 விகிதக் கியர்களை எடுத்துவிட்டு 3.55 கிரவுன் பினியன் ஜோடி: முன்னாலிருந்து வரும் ஷாஃப்ட் சுழற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுழற்றும் பெரியது கிரவுன், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் 3.55 சுற்று.

பினியன் கிரவுனுக்குள் எவ்வளவு இறங்கி நிற்க வேண்டும் என்ற ஆழத்துக்கு எல்லோரும் செய்கிற வேலைதான்: பழைய பேரிங்கின் உள்வட்டத்தைத் தேய்த்து, கையாலேயே ஏற்றி இறக்கும்படி வைத்துக்கொண்டேன். பேஸ்ட்டின் தடம் பல்லின் உச்சிக்குப் போனால் ஷிம் (இடைவெளியைச் சரிசெய்ய வைக்கும் மெல்லிய வளையம்) கனமாக வேண்டும், அடிவேருக்குப் போனால் மெலிதாக வேண்டும். பக்க ஷிம்மை இடம் மாற்றி பிளேயை (பற்களுக்கிடையே விடும் ஆட்டத்தை) 0.010 அங்குலத்துக்குக் கொண்டுவந்தேன். 0.008 முதல் 0.015 வரை ஃபோர்டு அனுமதிக்கிறது. இதுவரை எல்லாம் பொறுமை வேலை, அவ்வளவுதான்.

எரிச்சல் பினியன் பிரீலோடில், அதாவது பினியன் பேரிங்குகள் மேல் வைக்கும் முன்அழுத்தத்தில் இருக்கிறது. அதற்காக பேரிங்குகளுக்கு நடுவே வைக்கும், இறுக்கினால் நசுங்கும் குழலான கிரஷ் ஸ்லீவைக் கண்டுபிடித்தவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் உண்டு. நட்டை இறுக்க இறுக்க அது கொஞ்சமும் அசையாது. நீளமான பாரில் முழு உடம்பையும் சாய்த்தால்தான் நசுங்கத் தொடங்கும். நசுங்கத் தொடங்கிய பிறகு நூலிழை கூடினாலும் பிரீலோடு எகிறிவிடும். புது பேரிங்குக்கு, பினியனைச் சுற்றும்போது 16 முதல் 29 இஞ்ச் பவுண்ட் இழுவை வேண்டும். அதைத் தாண்டினால் நட்டைத் தளர்த்திப் பிரயோஜனமில்லை, நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நிமிராது. எடுத்து எறிந்துவிட்டு இன்னொன்று வாங்க வேண்டியதுதான். நாளைக்கு ஆயில் சீல் கசிந்து, ஷாஃப்டை மாட்டும் ஃபிளாஞ்சைக் கழற்றினால் அப்போதும் இதே பாடு.

நான் போட்டது சாலிட் ஸ்பேசர். நசுங்காத இரும்பு வளையம், அதோடு மெல்லிய ஷிம்கள். ஷிம்மைக் குறைத்தால் பிரீலோடு ஏறும், கூட்டினால் இறங்கும். ஒவ்வொரு முறையும் நட்டை முழு டார்க்குக்கு இறுக்கி, சுற்றிப் பார்த்து, மறுபடி கழற்றி, முன் பேரிங்கை வெளியே எடுத்து ஷிம்மை மாற்ற வேண்டும். சலிப்பூட்டும் வேலை. ஆனால் ஒரு தடவை சரியாக அமர்ந்தால் அப்புறம் சீலை எத்தனை முறை மாற்றினாலும் அளவு அப்படியே நிற்கும். இஞ்ச் பவுண்டுக்கென்று முள் காட்டும் தனி ரெஞ்ச் வாங்குங்கள். கிளிக் ரெஞ்சை வைத்துக்கொண்டு இதை அளக்க வராதீர்கள். கிளிக் ஆகும் கணத்தை மட்டும்தான் அது சொல்லும், சுற்றும்போது இருக்கிற இழுவையைச் சொல்லாது. எனக்கு 22-இல் நின்றது.

ஷாஃப்ட் கதை வேறு. இரண்டு துண்டு ஸ்டீலைக் கழற்றிவிட்டு மூன்றரை அங்குல ஒற்றை அலுமினியம் போடப்போகிறேன். அலுமினியம் என்பதாலேயே அதிக சுற்றைத் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். எடைக்கு எவ்வளவு விறைப்பு என்று பார்த்தால் ஸ்டீலும் அலுமினியமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஷாஃப்ட் துடிக்கத் தொடங்கும் சுற்றைத் தீர்மானிப்பது குழாயின் நீளமும் விட்டமும். நீளம் இரட்டித்தால் அந்தச் சுற்று நாலில் ஒன்றாகிவிடும். தொழிற்சாலை இரண்டு துண்டாக்கியதன் காரணங்களில் அதுவும் ஒன்று. அலுமினியத்தில் எடை ஏறாமல் குழாயைப் பருமனாக்கலாம், லாபம் அங்கேதான். 3.55 போட்டதால் ஷாஃப்டின் சுற்றும் கூடியிருக்கிறது: மணிக்கு 150 மைலில் 6,500-ஐத் தொடும். விறைப்பு உண்மையிலேயே வேண்டுமென்றால் கார்பன் ஃபைபர். 662 குதிரைத்திறன் கொண்ட 2013 மஸ்டாங் ஷெல்பி ஜிடி500-க்கு ஃபோர்டு அதைத்தான் கொடுத்தது. என் பட்ஜெட்டில் அது இல்லை.

இதற்கிடையில் ஷாஃப்ட் விற்றவர் பினியன் பக்கத்துக்கு வேறு வருட வண்டியின் அடாப்டரை அனுப்பியிருக்கிறார். போல்ட் துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. படம் எடுத்து அனுப்பு என்றார், அனுப்பினேன், இன்னொரு கோணத்தில் அனுப்பு என்கிறார். கியர் செட் வாங்கிய கடை இதற்கு நேர்மாறு. ஷிம் கிட்டில் ஒன்று குறைகிறது என்றதும் கேள்வி கேட்காமல் மறுநாளே அனுப்பிவைத்தார்கள்.

அடாப்டர் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பின் அச்சின் சாய்வை மாற்றிக்கொள்ள உதவும் அட்ஜஸ்டபிள் அப்பர் ஆர்ம் ஒன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும்பும் என்பதால் ஷாஃப்டோடு ஒப்பிட ஒன்றிரண்டு டிகிரி கீழே பார்த்தபடி வைக்க வேண்டும். பழைய ஆர்மில் அதற்கு வழியில்லை. ஷாஃப்ட் உடைந்தால் தாங்கிப் பிடிக்கும் சேஃப்டி லூப்பும் அதே பார்சலில் வருகிறது. பின் மூடியை இன்னும் ஒட்டவில்லை. ஒட்டியதும் சாதாரண மினரல் 80டபிள்யூ-90 கியர் ஆயில் மட்டும்தான், டிராக்‌ஷன்-லாக்குக்கு ஊற்றுகிற ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் இதற்குக் கூடாது. 3.55-க்கு ஸ்பீடோமீட்டரைத் திருத்தும் டியூன் ஃபைல் லேப்டாப்பில் தயாராக இருக்கிறது, அடாப்டர்தான் பாக்கி.